பழைய எழுத்துரு மாற்றி: நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்

பாலாற்றங்கரை | ஞாயிறு, இரவு 11:20

பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் அந்தச் சின்னப் பேக்கேஜ் என்னுடையது. இங்கே சிலர் அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், கணக்கு எங்கும் விழாது. குறை சொல்ல வரும்போதுதான் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே தெரிகிறது.

ஆரம்பித்த கதை சின்னது. குடியாத்தத்தில் அப்பா பிரஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதி நோட்டீஸ், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சுவரொட்டி, எல்லாம் பாமினியில் அடித்தது. அவர் கம்ப்யூட்டர் படுத்ததும் கோப்புகளை என் லினக்ஸில் திறந்தேன். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். பல வருஷ வேலை அப்படிக் கிடந்தது. மூன்று நாள் லீவு போட்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். யாருக்காவது உதவட்டும் என்று இணையத்தில் போட்டேன்.

எழுத மூன்று நாள். பார்த்துக்கொள்வது இத்தனை வருஷம். பைத்தான் 2 என்ற நிரல்மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. நான் எழுதியது அதில்தான். என் நிரலில் ஒரு வரி மாறவில்லை, ஆனாலும் டெபியன் லினக்ஸின் புதுப் பதிப்பில் ஓடாது. வீடு அப்படியே நிற்கிறது, கீழே மனை நகர்ந்துவிட்டது. பைத்தான் 3 பைட்டையும் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. எழுத்துரு மாற்றிக்கு அந்த இடம்தானே உயிர்நாடி? கிட்டத்தட்ட முதலிலிருந்து எழுதினேன். அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் வெளியே எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

போன வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். மூன்று வேலை நாளுக்குள் குறையைச் சரிசெய்து எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டுமாம். எனக்கு அவர்களோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. அடுத்த நாள் ஒருவர் நான் வேலை பார்க்கும் ராணிப்பேட்டை ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். மேனேஜர் எதிரில் நின்றுகொண்டு ‘ளகரம் ஏன் அப்படி வருகிறது’ என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

இரவு பத்து மணிக்குப் பிள்ளை தூங்கிய பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு. ரெப்போவை, அதாவது நிரலை வைத்திருக்கும் இணையப் பக்கத்தை, பூட்டிவிட்டுப் போய்விடலாமா?

கத்திரிவெயில் | ஞாயிறு, இரவு 11:41

பூட்டுங்க. உரிமத்துல பெருசா போட்டிருக்கு, உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு. படிக்காம இறக்கினா அது யார் தப்பு? வேலூருக்கு ஏற்கெனவே பேர் இருக்கு: சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு. ஆள் இல்லாத பேக்கேஜையும் சேர்த்துக்கலாம்.

லாங்பஜார்_டிடிபி | திங்கள், காலை 9:05

நான் சாதாரண டிடிபி ஆபரேட்டர். இங்கே பேசுறதுல பாதி எனக்குப் புரியாது. ஆனா இதுல என் பங்கும் இருக்கு, அதனால சொல்றேன்.

நாலு மாசத்துக்கு முன்னாடி குறை எழுதினது நான்தான் சார். ‘கௌரி’ன்னு வரவேண்டியது ‘கெளரி’ன்னு வருதுன்னு. பேப்பர்ல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா பத்திரிகைக்கு வேற ஃபாண்ட் போட்டப்போ ள தனியா, பெருசா நின்னுடுச்சு. பொண்ணு பேரே கௌரி. ஐந்நூறு கார்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் கடையில வந்து கத்தினது லாங் பஜார் முழுக்கக் கேட்டிருக்கும். மறுபடி அடிச்ச செலவு என்னோடது.

நீங்க காசு வாங்கல, எனக்குத் தெரியும். உங்களைத் திட்டவும் இல்ல. ‘இதை இப்போ சரிசெய்ய முடியாது, கையாலே திருத்திக்கோங்க’ன்னு ஒரு வரி போட்டிருந்தா நான் திருத்தியிருப்பேன். ஒவ்வொரு நாளும் வந்து பார்த்தேன். பதிலே இல்ல. இருக்கீங்களா இல்லையான்னுகூடத் தெரியல.

கத்திரிவெயில் தம்பிக்கு: உரிமம் படிக்கிற மாதிரி இங்கிலீஷ் எனக்கு வந்திருந்தா நான் ஏன் பத்திரிகை அடிக்கிறேன்? ‘லினக்ஸ் போடுங்கக்கா, ஃப்ரீ, எல்லாம் கிடைக்கும்’னு உங்களை மாதிரி ஆளுங்கதான் சொன்னீங்க. எல்லாத்தையும் அப்போ சொன்னவங்க இதை மட்டும் ஏன் சொல்லல?

பாலாற்றங்கரை | திங்கள், காலை 9:40

அக்கா, அந்தக் குறையைப் படித்தேன். முதல் நாளே படித்தேன். சரிசெய்துவிட்டுப் பதில் போடலாம் என்று வைத்தேன். ஒரு வாரம் ஆனதும் இவ்வளவு நாள் கழித்து வெறும் பதில் எப்படிப் போடுவது என்று கூச்சம். பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. மன்னியுங்கள்.

கூத்துப்பிரதி | திங்கள், பிற்பகல் 1:15

செய்யாறு பக்கத்துல இருக்கேன். ஐயா, அந்த அக்கா கேட்ட மாதிரி சரிபண்ணிடாதீங்க!

தெருக்கூத்துப் பிரதிங்க சேகரிக்கிறேன். பழைய வாத்தியாருங்க நோட்டுல இருந்து ஒருத்தர் பாமினியில அடிச்சு வெச்சிருந்தார். அதுல கட்டியங்காரன் பேசுறது எல்லாம் நம்ம பேச்சுத் தமிழ். கெளம்பு, வெளக்கு, வெளக்கமாறு. இந்தப் பேக்கேஜ்ல இதெல்லாம் சரியா வருது. இன்னொரு மாற்றியில போட்டுப் பார்த்தேன், ‘கௌம்புடா’, ‘வௌக்கமாறு’ன்னு வந்துச்சு. கட்டியங்காரன் மேடையில படிச்சா ஊரே சிரிக்கும்.

பாலாற்றங்கரை | திங்கள், மாலை 6:50

பஸ்ஸில் இருக்கிறேன், ஆனால் இதை விளக்கியே ஆகவேண்டும். நான்கு மாதம் நான் சும்மா இருக்கவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி.

பாமினியில் எழுத்து, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. அந்த இடமாற்றம் எளிது. சிக்கல் ஔகாரத்தில். ‘கௌ’ என்பதற்குப் பாமினிக்காரர் அடிப்பது கொம்பு, க, ள. ‘கெள’ என்பதற்கும் அதே மூன்று விசை. கோப்பில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. பின்னால் புள்ளியோ கொக்கியோ இருந்தால் அது வெள்ளி, வெளி என்று தெரிந்துவிடும். வெறும் ள நின்றால் இயந்திரத்துக்கு வழியே இல்லை. கௌரியா, கெளம்பா என்பது தமிழ் தெரிந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருவருக்குச் சரிசெய்தால் இன்னொருவருக்கு உடையும். இதைத்தான் அந்த அலுவலகம் மூன்று வேலை நாளில் கேட்டது.

பொதிக்காரன் | திங்கள், இரவு 9:30

டெபியனில் சில பேக்கேஜ்களைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். மூன்று வேலை நாள் கடிதம் புதிதில்லை தோழரே. கர்ல் என்ற நிரல் உலகத்தில் கணக்கில்லாத கருவிகளுக்குள் ஓடுகிறது. லாக்4ஜே என்ற இன்னொரு நிரலின் ஓட்டை 2021 டிசம்பரில் வெடித்தபோது, அடுத்த மாதமே கர்லை எழுதியவருக்கு ஒரு பெரிய நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் பதில் கேட்டுக் கடிதம் அனுப்பியது. கர்லுக்கும் லாக்4ஜே-வுக்கும் சம்பந்தமே கிடையாது, அது வேறு மொழி. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று அவர் திருப்பி எழுதினார். நீங்களும் அதையே வெட்டி ஒட்டுங்கள்.

இதைவிடப் பழசு ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, 2014 ஏப்ரல். வங்கிப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் தெரிகிறதே, அதற்குப் பின்னால் பல இடங்களில் இருந்தது ஓபன்எஸ்எஸ்எல். உலகமே சாய்ந்திருந்த அந்தத் திட்டத்துக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர் என்று அப்போது வெளியே வந்தது. ஓட்டை இரண்டு வருஷமாக அங்கேயே இருந்தது. எல்லாரும் பயன்படுத்தினார்கள், எட்டிப் பார்க்க ஆளில்லை.

ஆனால் ரெப்போவைப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2016 மார்ச்சில் ஒருவர் கோபத்தில் தன்னுடைய 11 வரி நிரலை இழுத்துக்கொண்டார். லெஃப்ட்-பேட். எழுத்துக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது, அவ்வளவுதான் அதன் வேலை. பாபெல், ரியாக்ட் என்று பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் கட்ட முடியாமல் நின்றன. அவருடைய உரிமைதான், மறுக்கவில்லை. அடி விழுந்தது அவர் கோபப்பட்டவர்கள் மேல் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முடியாதவர் ‘இனி என்னால் ஆகாது’ என்று பொதுவில் அறிவிப்பார். பேக்கேஜ் அநாதை என்று குறிக்கப்படும், யாராவது தத்தெடுக்கலாம். பேர் கொஞ்சம் துக்கமாக இருக்கும், ஆனால் அதில் அவமானம் எதுவும் இல்லை.

காட்பாடி_செகண்ட்இயர் | திங்கள், இரவு 10:02

அண்ணா நான் தத்து எடுத்துக்கறேன்!! கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். கமிட் உரிமை (நிரலை நேரடியா மாத்தற உரிமை) மட்டும் குடுங்க, செமஸ்டர் லீவுல எல்லா இஸ்யூவையும் முடிச்சிடறேன்.

கத்திரிவெயில் | திங்கள், இரவு 10:06

ரெஸ்யூமுக்கு ஒரு வரி கிடைச்சாச்சு.

பொதிக்காரன் | திங்கள், இரவு 10:48

தம்பியைக் கிண்டல் செய்யவேண்டாம். ஆனால் இதில் அவசரமும் வேண்டாம். எக்ஸ்இசட் கதையை ஞாபகப்படுத்துகிறேன்.

கோப்பைச் சுருக்கும் நூலகம். ஒரே ஆள் தனியாகப் பார்த்துவந்தார், மன உளைச்சலில் இருப்பதாகவும் இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்றும் 2022-இல் அவரே எழுதியிருந்தார். அப்போது சில புதுப் பெயர்கள் வந்து நெருக்கின. ஏன் தாமதம், முடியாவிட்டால் இன்னொருவரிடம் கொடுங்கள் என்று. அதே சமயம் உதவ ஒருவர் தயாராக நின்றார், நல்ல நல்ல பேட்ச்களோடு, அதாவது நிரல் திருத்தங்களோடு. சாவி கைமாறியது. 2024-இல் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெளியீடுகளில் பின்கதவு ஒன்று ஒளிந்திருந்தது. சில லினக்ஸ்களில், தூரத்திலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகக் கணினிக்குள்ளேயே புகுந்துவிடக்கூடிய கதவு. மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று குடைந்து பார்த்ததால் பிடிபட்டது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் டெபியன் நிலைப் பதிப்பிலேயே வந்திருக்கும்.

அந்த ‘ஏன் தாமதம்’ கடிதங்களைப் படித்துப் பாருங்கள். பொறுமை இழந்த ஒரு பயனர் எழுதிய மாதிரிதான் இருக்கும்.

காட்பாடி_செகண்ட்இயர் | திங்கள், இரவு 10:55

அப்போ என்னையும் சந்தேகப்படறீங்களா? சரி, முதல்ல சின்னச் சின்ன பேட்ச் போடறேன். நம்பிக்கை வந்தப்புறம் குடுங்க.

கத்திரிவெயில் | திங்கள், இரவு 11:10

அவனும் அதைத்தானே பண்ணான்? ரெண்டு வருஷம் நல்ல பேட்ச்சா போட்டான். பொறுமையா இருக்கான்னு மட்டும் பார்த்தா திருடனும் பொறுமைசாலிதான்.

ஏரிக்கரை | செவ்வாய், காலை 6:12

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நிரல் எழுதத் தெரியாது, தமிழில் தட்டச்சு செய்வேன். இழை முழுவதும் படித்தேன்.

முதலில் கத்திரிவெயில் தம்பிக்கு ஒரு திருத்தம். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார், சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆற்றில் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். பழைய பட்டியல் செல்லாது.

இனி விஷயம். இப்படிப் பேச்சு வந்தால் யாராவது குடிமராமத்து என்று ஆரம்பிப்பார்கள். வட ஆற்காடு ஏரிகளை எல்லாம் ஊரே சேர்ந்து அன்பாகத் தூர் வாரியதாக. நான் பார்த்தவரை ஏரி உடைந்தால் ஊர் முழுக்க மண்வெட்டியோடு ஓடிவரும். கோடையில் மடைக்கு மண் அள்ள வா என்றால் ஒருவன் வரமாட்டான். மராமத்துக்கு ஆள் வரவைக்க வெள்ளைக்காரன் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். தானாக வந்திருந்தால் சட்டம் எதற்கு?

உங்கள் விஷயத்துக்கும் ஏரிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏரியில் யாருக்கு எவ்வளவு ஆயக்கட்டு என்று கணக்கு இருக்கும். பத்து ஏக்கர்காரன் பத்து ஏக்கருக்கு உண்டான வேலையைத் தரவேண்டும். உங்களுக்கு யார் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்றே தெரியவில்லை, பிறகு எப்படி ஆளைக் கூப்பிடுவீர்கள்? இந்த இழையில்தான் முதல்முறையாக இரண்டு ஆயக்கட்டுதாரர்கள் முகம் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பத்திரிகை அடிப்பவர், ஒருவர் கூத்துக்காரர். அவர்களிடம் மண்வெட்டியைக் கொடுங்கள்.

லாங்பஜார்_டிடிபி | செவ்வாய், காலை 10:20

குடுங்க ஐயா, வாங்கிக்கறேன். ஆனா எனக்குக் கோடிங் தெரியாதே, நான் என்ன பண்ண முடியும்?

பொதிக்காரன் | செவ்வாய், காலை 11:00

கோடிங்கே வேண்டாம் அக்கா. ஔகாரம் உண்மையிலேயே வருகிற சொற்கள் தமிழில் கொஞ்சம்தான். கௌரி, கௌதமர், கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌக்கியம், வௌவால். அந்தப் பட்டியல் இருந்தால் போதும். பட்டியலில் உள்ளதை ஔ என்று மாற்று, மற்றதை அப்படியே விடு என்று நிரலுக்குச் சொல்லிவிடலாம். பட்டியல் போட நிரலாளர் சரியான ஆள் இல்லை, தினமும் பெயர் அடிக்கிறவர்தான் சரி.

கூத்துப்பிரதி | செவ்வாய், காலை 11:35

நான் மறுபக்கத்தைத் தர்றேன். மாறவே கூடாத பேச்சுச் சொல்லுங்க. கூத்துப் பிரதியில ரெண்டும் கலந்து வரும், பாரதம் ஆச்சே. ஒரே வரியில ‘கௌரவர் படை கெளம்பிடுச்சு’ன்னு வருது. இதைத் தாண்டிட்டா எதையும் தாண்டிடும்.

முகமறியாநண்பன் | செவ்வாய், மதியம் 12:10

இவ்வளவு எதுக்கு? ஜிபே நம்பர் போடுங்க, ஆளுக்கு நூறு ரூபாய் போட்டா முழுநேரமா ஒருத்தரை வெச்சுக்கலாம்.

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 10:15

போட்டுப் பார்த்தேன் நண்பரே. மூன்று பேர் அனுப்பினார்கள், நன்றியோடு சொல்கிறேன். அதில் ஒருவர் 101 ரூபாய் அனுப்பிய மறுநாளிலிருந்து தன்னுடைய குறையை முதலில் பார்க்கச் சொல்லித் தினம் ஒரு செய்தி. மொய் எழுதியவர் முதல் பந்தி கேட்கிற மாதிரி. திருப்பி அனுப்பிவிட்டு நம்பரை எடுத்துவிட்டேன். பெரிய திட்டங்களுக்கு வழி உண்டு. செரோதா நிறுவனம் 2024-இல் இப்படிப்பட்ட திட்டங்களுக்கென்று வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் நிதி அறிவித்தது. என்னுடையது அந்த அளவுக்குப் போகிற சமாச்சாரம் இல்லை. எனக்குக் குறைவது பணமில்லை, இன்னொரு ஆளின் பத்து மணி.

காட்பாடித் தம்பி விஷயமாக யோசித்தேன். எக்ஸ்இசட்டில் சாவி வாங்கியவரை யாருமே நேரில் பார்த்ததில்லை, அந்தப் பெயர் உண்மையா என்றுகூட இன்றுவரை தெரியாது. தம்பி இருப்பது காட்பாடியில். ராணிப்பேட்டையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் நான் ஒரு பஸ் மாறினால் போதும். தவிர, எக்ஸ்இசட் உடைந்தால் உலகத்து சர்வர்கள் திறந்துகொள்ளும். இது உடைந்தால் கௌரி கெளரியாகும். அக்காவுக்கு அது சின்ன விஷயமில்லை, ஆனாலும் சாவியை எவ்வளவு இறுகப் பிடிக்கவேண்டும் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் எதிரில் டீ சாப்பிடலாம். லேப்டாப் கொண்டு வா. என்னிடம் இருக்கிற பாமினிப் பட்டியலைக் காட்டுகிறேன், தாளில் எழுதியது, அப்பா கையெழுத்து.

ரெப்போவின் முகப்பில் இன்று தமிழில் இப்படிப் போட்டுவிட்டேன்:

‘இதை ஒருவர் இரவு நேரத்தில் பார்த்துக்கொள்கிறார். குறை எழுதினால் பத்து நாளுக்குள் படித்தேன் என்று பதில் வரும், சரிசெய்வேன் என்று பொருளில்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால் நான் மறந்துவிட்டேன், தயங்காமல் மறுபடி எழுதுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் ஔகாரம் வரும் பெயர்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அலுவலகங்களுக்கு எழுத்துமூல விளக்கம் தரப்படாது. வேலை செய்யும் இடத்துக்கு தயவுசெய்து கூப்பிடாதீர்கள்.’

கத்திரிவெயில் | செவ்வாய், இரவு 10:31

கடைசி வரியை முதல் வரியா போடுங்க.

அந்தப் பத்து நாள் கணக்கு உங்களுக்கே வெச்ச பொறி. ஒன்பதாவது நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க? ‘படிச்சேன்’னு பதில் போடறதை நான் பார்த்துக்கறேன். அதுக்குத் தமிழ் தெரிஞ்சா போதும்ல?

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 10:33

போதும்.

காட்பாடி_செகண்ட்இயர் | ஞாயிறு, காலை 11:48

நேத்து அண்ணாவைப் பார்த்தேன். கமிட் உரிமை தரல 😀 ஆனா ரெண்டு மணி நேரம் உக்கார்ந்து சொல்லிக் குடுத்தார். அக்கா அனுப்பின பட்டியலைப் போட்டு டெஸ்ட் எழுதிட்டேன். ‘கௌரவர் படை கெளம்பிடுச்சு’ பாஸ். ‘வெளக்கமாறு’ பாஸ். ‘வௌவால்’ முதல்ல ஃபெயில், வ-வையே பட்டியல்ல விட்டிருந்தேன், இப்போ ஓகே. எல்லாரும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க, அண்ணா ராத்திரி பார்த்துட்டு மெர்ஜ் பண்றேன்னார்.

லாங்பஜார்_டிடிபி | ஞாயிறு, மதியம் 12:20

தம்பி, நேத்து அடிச்ச பத்திரிகை ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். கௌரி சரியா வருது, சந்தோஷம். ‘சௌபாக்கியவதி’யும் வருது. ஆனா நிறைய பேர் முழுசா எழுத மாட்டாங்க, பொண்ணு பேருக்கு முன்னாடி ‘சௌ.’ன்னு புள்ளி வெச்சு விட்டுடுவாங்க. அது இன்னும் ‘செள.’ன்னுதான் வருது. நான் குடுத்த பட்டியல்லயே அது இல்ல, என் தப்புதான். அதுக்கு எப்படி எழுதறது, வெறும் ஒரு எழுத்தும் புள்ளியும்தானே?